கலக்கப்பட்ட கலப்பற்ற மது: ‘கெரன்னூமி’ என்ற கிரேக்க வினை

ஏட்டுமாணவன்:
வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தில் படிக்கும் ஆசையில் அகராதியும் இலக்கண நூலுமாகத் தனியே தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்கிறேன். வெளிப்படுத்தின விசேஷம் 14:10இல் வந்து நின்றுவிட்டேன். மிருகத்தை வணங்குகிறவன் கடவுளின் கோபமாகிய மதுவைக் குடிப்பான் என்று வரும் இடம். அந்த மதுவுக்கு அடுத்தடுத்து இரண்டு அடைகள்: ‘கெகெரஸ்மெனூ’, ‘அக்ராதூ’. முதலாவது ‘கெரன்னூமி’ என்ற வினையின் எச்சம். அகராதி ‘கல’ என்று பொருள் சொல்கிறது; ஆகவே ‘கலக்கப்பட்ட’. இரண்டாவது அதே வேரோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்தது, ஆகவே ‘கலக்கப்படாத’. கலக்கப்பட்ட கலக்கப்படாத மது என்றால் என்ன?

நம் வேதாகமத்தில் ‘கலப்பில்லாமல் வார்க்கப்பட்ட’ என்று இருக்கிறது. ‘கலப்பில்லாமல்’ புரிகிறது. ‘வார்க்கப்பட்ட’ எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. இதே நூலில் 8:7இல் கல்மழையும் நெருப்பும் இரத்தத்தோடு கலந்து விழுகின்றன. 15:2இல் கண்ணாடிக் கடல் நெருப்போடு கலந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் ‘மிக்னூமி’ என்ற வேறு வினை. தமிழில் எல்லாமே ‘கலந்த’தான். கிரேக்கனுக்கு ஏன் இரண்டு?

தென்கரை:
ஐயா, உங்கள் இரண்டு கேள்விக்கும் விடை ஒரே பாத்திரத்தில் இருக்கிறது. அதன் பெயர் ‘கிராத்தேர்’. கெரன்னூமி என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல், கலக்கும் பாத்திரம்.

பழைய கிரேக்கர்கள் மதுவை அப்படியே குடிப்பதில்லை. விருந்து நடக்கும் கூடத்தில் அகன்ற வாயுள்ள பெரிய பாத்திரம் வைத்து, அதில் மதுவும் தண்ணீரும் ஊற்றி, அங்கிருந்து அகப்பையால் மொண்டு கிண்ணங்களில் கொடுப்பார்கள். என்ன விகிதம் என்பதில்தான் விருந்து கொடுப்பவனின் பக்குவம் தெரியும். மூன்று பங்கு தண்ணீருக்கு நான்காவது பங்காக மது என்கிறார் பழங்கவி ஹெசியோட். அனக்ரியோன் ஒரு பாட்டில் பத்து அகப்பைத் தண்ணீருக்கு ஐந்து அகப்பை மது கேட்கிறார். கூச்சல்போட்டுக் குடிக்கும் சித்தியர் என்ற நாடோடி மக்களைப் போல நாம் குடிக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஹோமரின் ஒடிசிக் காவியத்தில் ஒன்பதாம் பகுதியில் மாரோன் என்ற பூசாரி கொடுத்த மது இருக்கிறதே, அதற்கு ஒரு கிண்ணத்துக்கு இருபது அளவு தண்ணீர். அது காவியத்துக்கான அளவு, வீட்டுக்கு ஆகாது. ஆனால் அந்த மதுவைத்தான் ஒடிசியஸ் ஒற்றைக்கண் பூதத்துக்குத் தண்ணீர் சேர்க்காமல் கொடுக்கிறான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், பூதம் ஏன் அப்படிச் சாய்ந்தது என்பது விளங்கும்.

இந்த வழக்கம் வினையின் பொருளையே மாற்றிவிட்டது. கலக்காமல் பரிமாறுவதே இல்லை என்றால், ‘கலந்தாயிற்று’ என்பதற்குக் ‘குடிக்கத் தயார்’ என்றே பொருள். நம் வீட்டில் ‘காபி கலந்து கொண்டு வா’ என்கிறோம். எதை எதோடு என்று யாரும் கேட்பதில்லை. ‘சர்க்கரை கலக்காத காபி கலந்து கொண்டு வா’ என்றாலும் யாரும் திகைப்பதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவானின் தொடரும் அப்படித்தான். தண்ணீர் சேர்க்காமல், ஆனால் பாத்திரத்தில் ஊற்றிப் பரிமாறத் தயாராக வைக்கப்பட்ட மது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘வார்க்கப்பட்ட’ என்று போட்டது இதைத் தெரிந்துதான்.

வைகறை:
தென்கரை சொல்வது சரியான பாதி. மீதிப் பாதி எபிரேயத்தில் இருக்கிறது.

வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதியவர் கிரேக்க விருந்துக்கூடத்தை நினைத்து எழுதவில்லை. அவர் மனத்தில் இருந்தது 75ஆம் சங்கீதம். கர்த்தருடைய கையில் ஒரு பாத்திரம் இருக்கிறது, அதில் உள்ள மது பொங்குகிறது, அது கலப்பினால் நிறைந்திருக்கிறது என்று வரும் எட்டாம் வசனம். செப்டுவஜிண்ட் என்னும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இது 74ஆம் சங்கீதம். அங்கே மதுவுக்கு அடை ‘அக்ராதூ’. பாத்திரம் நிறைந்திருப்பது ‘கெராஸ்மாதோஸ்’, அதாவது கலவையால். கலப்பற்ற மது, கலவையால் நிறைந்த பாத்திரம்! யோவான் திடீரென்று ஒரு முரணைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த முரணைச் சுருக்கி இரண்டு சொல்லாக்கினார்.

எபிரேய வழக்கில் மதுவைக் ‘கலப்பது’ என்றால் பெரும்பாலும் நறுமணப் பொருள்களைச் சேர்ப்பது. தண்ணீர் சேர்ப்பது மதுவை இளக்கும். இது அதை ஏற்றும். ஆகவே ‘மசாலை சேர்த்த, தண்ணீர் சேர்க்காத’ என்று படிக்கலாம். வெறும் ‘பரிமாறத் தயார்’ என்று சொன்னால் அந்தக் கோபத்தின் காரம் போய்விடுகிறது.

தென்கரை:
சங்கீதத்தை மறுக்கவில்லை. ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 18:6ஐயும் சேர்த்துப் பாருங்கள். ‘அவள் கலந்த பாத்திரத்தில் அவளுக்கு இரட்டிப்பாகக் கலந்துகொடுங்கள்’ என்ற பொருள்பட வருகிறது. இரண்டு முறையும் கெரன்னூமிதான். முன்னொட்டுச் சேராத கெரன்னூமி புதிய ஏற்பாட்டில் வருவது இந்த இரண்டு வசனங்களில் மட்டும்தான். அங்கே மசாலையும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாத்திரத்தில் தயார்செய்து நீட்டுவது மட்டும் இருக்கிறது. தமிழிலும் ‘கலந்துகொடு’ என்பது எவ்வளவு இயல்பாக உட்கார்கிறது பாருங்கள்.

செப்டுவஜிண்டைத் தொட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏசாயா 1:22இல் ‘உன் வெள்ளி களிம்பாயிற்று, உன் திராட்சரசம் தண்ணீர்க்கலப்பானது’ என்று எருசலேமைப் பழிக்கும் இடம் உண்டல்லவா? கிரேக்கத்தில் அது ‘உன் சில்லறை வியாபாரிகள் மதுவைத் தண்ணீரோடு கலக்கிறார்கள்’ என்று மாறியிருக்கிறது. மது, தண்ணீர், கலத்தல் எல்லாம் இருந்தும் வினை கெரன்னூமி இல்லை. மிக்னூமியின் மாற்று வடிவமான ‘மிஸ்கோ’. கடைக்காரன் லாபத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும், விருந்து கொடுப்பவன் அளவு பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதும் பார்வைக்கு ஒரே செயல். மொழிபெயர்த்தவர் முதலாவதற்குக் கெரன்னூமியைக் கொடுக்கவில்லை. நீதிமொழிகள் 9:2இல் ஞானம் என்னும் பெண் தன் விருந்துக்கு மதுவைக் கலந்து வைக்கிறாளே, அங்கே மட்டும் தாராளமாகக் கெரன்னூமி, போதாததற்குக் கிராத்தேரும்.

அரும்பு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஜனநாயகத்துக்கான கிரேக்கச் சொல்லான ‘தெமோக்ராதியா’வில் வரும் ‘க்ராதியா’வும், கெரன்னூமியிலிருந்து வரும் ‘கிராசிஸ்’ (கலத்தல்) என்ற பெயர்ச்சொல்லும் ஒன்றா? மக்கள் கலந்த ஆட்சி என்று எங்கேயோ படித்தேன்.

வைகறை:
ஒன்றில்லை. அது ‘கிராதோஸ்’, வலிமை, அதிகாரம். ஒலி ஒத்துப்போவது தற்செயல்.

ஆனால் நிலவில் இருக்கும் பள்ளங்களைக் ‘கிரேட்டர்’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றனவே, அது நேராக இந்த மதுப்பாத்திரம்தான். எரிமலையின் வாயைப் பாத்திரமாகப் பார்த்தார்கள்.

ஆட்சியையும் இந்த வேரையும் இணைக்க வேண்டுமானால் பிளேட்டோவின் ‘குடியரசு’ எட்டாம் புத்தகத்துக்குப் போங்கள். சுதந்திர தாகம் கொண்ட நகரத்துக்கு மோசமான பரிமாறுகிறவர்கள் தலைவர்களாக வாய்த்தால், அது ‘கலப்பற்ற’ சுதந்திரத்தை அளவுக்கு மீறிக் குடித்து வெறியேறும் என்கிறார். அங்கே வருவது அதே ‘அக்ராதோஸ்’.

ஏட்டுமாணவன்:
அருமை. ஆனால் என் இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. ஏசாயா ஒரு சான்று. ஒரு மொழிபெயர்ப்பாளரின் விருப்பமாகவும் இருக்கலாம். கெரன்னூமிக்கும் மிக்னூமிக்கும் இடையே உண்மையிலேயே கோடு உண்டா?

தென்கரை:
கோட்டைப் பார்க்க நல்ல இடம் ஒடிசியின் பத்தாம் பகுதி, கிர்கே என்ற மாயக்காரியின் வீடு. கலத்தல் தொடர்பான சொற்கள் எல்லாவற்றையும் ஹோமர் அந்த ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார். வரிசையாகப் பாருங்கள்.

ஒடிசியஸின் ஆட்கள் வருகிறார்கள். கிர்கே அவர்களை உட்காரவைத்துப் பாலாடைக்கட்டி, வாற்கோதுமை மாவு, தேன் ஆகியவற்றைப் பிராம்னியா மதுவில் போட்டுத் தருகிறாள். இதற்கு வினை ‘குக்காவோ’. கிளறுதல், கலக்கிவிடுதல். இந்தக் கூழுக்கே ‘குக்கெயோன்’ என்று பெயர். மாவு கரையாது, அடியில் தங்கும். கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ‘குக்கெயோன்கூடக் கிளறாவிட்டால் பிரிந்துவிடும்’ என்று ஹெராக்ளிடஸ் பிறகு எழுதினார்.

அடுத்து, தாய்நாட்டை மறக்கச்செய்யும் மருந்தை அந்த உணவில் சேர்க்கிறாள். இப்போது வினை ‘அனெமிஸ்கெ’. மிஸ்கோ குடும்பம். மருந்து உணவோடு இணங்கி ஒன்றாவதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. உள்ளே போனால் போதும்.

ஆட்கள் பன்றிகளாகிறார்கள். ஒடிசியஸ் வருகிறான், மந்திரம் பலிக்கவில்லை, வாளை உருவுகிறான். அவள் பயந்துபோய்ப் படுக்கைக்கு அழைக்கிறாள்: நாம் காதலில் ‘கலந்து’ ஒருவரையொருவர் நம்புவோம். வினை மீண்டும் மிக்னூமி. ஹெசியோட் தெய்வங்களின் பிறப்பைச் சொல்லும்போது இன்னாரோடு இன்னார் கூடி இன்னாரைப் பெற்றார் என்று அடுக்குவதும் இந்த வினையில்தான். போர்க்களத்தில் எதிரியோடு கைகலப்பதற்கும் இதுவே. கைகலப்பு என்று நாமும் சொல்கிறோம்.

பிறகு வீடு அமைதியாகிறது. பணிப்பெண்கள் நால்வர் விருந்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். மூன்றாமவள் வெள்ளிக் கிராத்தேரில் இனிய மதுவைக் கலக்கிறாள். இங்கே ‘எகிர்னா’, கெரன்னூமியின் பழைய வடிவம். நான்காமவள் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறாள். ஒடிசியஸைத் தொட்டியில் உட்காரவைத்து, வெந்நீரை மனத்துக்கு இதமான சூட்டுக்குக் கொண்டுவந்து, தலையிலும் தோளிலும் ஊற்றுகிறாள். அங்கே வரும் சொல் ‘கெராஸஸா’. மது இல்லை, கிராத்தேர் இல்லை, குளிக்கிற வெந்நீர்! கெரன்னூமியின் உயிர்நாடி எனக்குத் தெரிந்தவரை இந்த வரியில்தான் துடிக்கிறது. ‘தண்ணீர் சேர்த்து நீர்க்கச்செய்தல்’ என்று அகராதியைச் சுருக்கிவிட்டால் இந்தப் பணிப்பெண்ணுக்கு இடமே இருக்காது. இரண்டைச் சேர்த்து மூன்றாவதாக ஒரு பதத்துக்குக் கொண்டுவருவது, அதுவும் இன்னொருவரின் இதத்துக்காக, அதுதான் வினை.

பழையபேனா:
இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பணிப்பெண் செய்த வேலைக்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறதே, ஒருவரும் எடுக்கவில்லையே! வெந்நீரை ‘விளாவுதல்’. கொதிநீரில் தண்ணீர் ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவருவது. ‘வெந்நீர் விளாவி வைத்திருக்கிறேன், குளிக்க வா’ என்று சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இருந்ததில்லை. இப்போது குழாயைத் திருகினால் வெந்நீர் வருவதால் சொல்லும் போய்க்கொண்டிருக்கிறது.

ஹோமரைத் தமிழாக்குகிறவர்கள் மதுவுக்கும் இதைப் போடலாம். ‘மதுவை விளாவினாள்’ என்றால் தண்ணீர் சேர்த்தாள், அளவாகச் சேர்த்தாள், இரண்டும் வந்துவிடுகின்றன. ‘கலந்தாள்’ என்றால் அளவு போய்விடுகிறது.

தென்கரை:
பேனா ஐயா, இதற்காகவே உங்களை அடிக்கடி எழுதச் சொல்கிறேன். ஒரு தடை மட்டும்: கிரேக்கத்தில் இந்த வினைக்குப் பாத்திரமே செயப்படுபொருளாக வரும். ‘பொந்தோனூஸ், கிராத்தேரைக் கலந்து எல்லோருக்கும் பரிமாறு’ என்கிறான் அல்கினோஸ் அரசன். சாப்போ என்ற பெண்கவியின் ஒரு துண்டுப் பாட்டில் அமுதக் கிராத்தேர் ‘கலக்கப்பட்டிருந்தது’. ‘பாத்திரத்தை விளாவு’ என்று தமிழில் சொல்ல முடியாது. பாத்திரம் கழுவுவதுபோல் கேட்கும்.

வைகறை:
விளாவுதல் அழகான சொல். ஆனால் தென்கரையின் கிர்கே வீட்டை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. கோடு அவ்வளவு நேராக இல்லை.

ஒடிசியின் முதல் பகுதிக்கே திரும்புங்கள், 110ஆம் வரி. அதீனா தெய்வம் ஒடிசியஸின் ஊரான இதாக்காவுக்கு வருகிறாள். அவன் மனைவியைப் பெண் கேட்டு வந்து முகாமிட்டிருக்கும் கூட்டத்துக்கு வேலையாட்கள் கிராத்தேர்களில் மதுவையும் தண்ணீரையும் கலந்துகொண்டிருக்கிறார்கள். வினை என்ன? ‘எமிஸ்கோன்’. மிஸ்கோ! கிராத்தேர் இருக்கிறது, மது இருக்கிறது, தண்ணீர் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கெரன்னூமிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? ஹோமர் மிஸ்கோவைப் போட்டார். அழையா விருந்தாளிகளுக்கு நல்ல வினை எதற்கு என்று யாராவது விளக்கம் சொல்ல வந்தால், அது பின்னால் இருந்து ஒட்டவைத்த விளக்கம். அடியளவுக்கு ஏற்ற சொல் கையில் கிடைத்தது, போட்டார். அவ்வளவுதான் என்பது என் கட்சி.

தென்கரை:
அந்த வரி எனக்கும் முள்தான். அதைக் காரணம் காட்டித்தான் கோட்டை இப்படிப் போடுகிறேன்: மிக்னூமி பொதுவினை. மது உட்பட எதற்கும் அதைப் போடலாம். கெரன்னூமி அப்படியில்லை. ஹோமரில் அது மது, மதுப்பாத்திரம், குளிநீர் என்று ஒரு சிறு வட்டத்துக்குள் சுற்றுகிறது. மருந்தை உணவில் சேர்ப்பதற்கோ போரில் மோதுவதற்கோ அது போகாது. ஒருவழிப் பாதை.

ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டின் மூன்றாம் பகுதியையும் பாருங்கள். கிரேக்கர்களும் திராயர்களும் ஒற்றைப்போருக்குச் சத்தியம் செய்கிறார்கள். கட்டியக்காரர்கள் கிராத்தேரில் மதுவைக் கலக்கிறார்கள்; அங்கேயும் மிஸ்கோதான். ஆனால் சத்தியத்துக்கு வார்க்கும் மதுவைக் கலப்பற்றது என்றே இலியட் வேறு இடங்களில் சொல்கிறது. தண்ணீர் கூடாது. அப்படியானால் எதைக் கலந்தார்கள்? இரு தரப்பாரும் கொண்டுவந்த மதுவை ஒன்றாக ஊற்றினார்கள் என்பது நெடுங்காலமாக இருக்கும் விளக்கம். இரண்டு படைகளின் மது ஒரு பாத்திரத்தில். அங்கே பதம் பார்க்க ஒன்றுமில்லை. ஆகவே கெரன்னூமி வராதது எனக்கு வியப்பில்லை.

வைகறை:
ஒருவழிப் பாதை என்றால் ஒப்புக்கொள்கிறேன். முதலில் சொன்னது கோட்டைச்சுவர் போல இருந்தது.

அளவு என்று பேசிக்கொண்டே அக்கிலீஸை விட்டுவிட்டோம். இலியட் ஒன்பதாம் பகுதி. தூதுவர்கள் சமாதானம் பேச வருகிறார்கள். அக்கிலீஸ் தன் தோழன் பத்ரோக்ளஸிடம், பெரிய கிராத்தேராக எடுத்து வை, ‘ஸோரோதெரோன்’ ஆகக் கலந்து கொடு என்கிறான். நேராகப் படித்தால் ‘இன்னும் கடுமையாக’, தண்ணீரைக் குறைத்து. பழைய உரைகாரர்களுக்கு இது பெரிய சங்கடம். வீரன் குடிகாரனைப் போலப் பேசலாமா? அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ 25ஆம் அத்தியாயத்தில், இது குடிகாரர்களுக்குச் சொல்வதுபோலக் ‘கடுமையாக’ என்று பொருள்படாமல் ‘சீக்கிரமாக’ என்று பொருள்படலாம் என்று ஒரு வழி காட்டுகிறார். புளூட்டார்க்கின் விருந்து உரையாடல்களில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. சூடாக என்கிறார் ஒருவர், நன்கு இணங்க என்கிறார் இன்னொருவர், பழைய மது என்கிறார் மூன்றாமவர். ‘கடுமையாக’ என்பதைத் தவிர எல்லாவற்றையும் முயன்றிருக்கிறார்கள்.

எனக்கு இதில் தயக்கமே இல்லை. கடுமையாகத்தான். வந்திருப்பவர்கள் நண்பர்கள், இரவு நீண்டது, பேச்சு கசப்பானது. ஹெரடோட்டஸும் ஸ்பார்த்தாக்காரர்களைப் பற்றி எழுதும்போது இதே சொல்லை இதே பொருளில்தான் ஆள்கிறார். அவர்கள் அரசன் கிளியோமெனஸ் சித்தியத் தூதர்களோடு பழகிக் கலப்பற்ற மதுவுக்கு அடிமையாகிப் பித்துப்பிடித்துப் போனான்; அன்றிலிருந்து கடுமையாகக் குடிக்க வேண்டுமானால் ‘சித்தியமாக்கு’ என்று ஸ்பார்த்தாவில் சொல்கிறார்கள் என்கிறார்.

குப்பிவிளக்கு:
பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். கலவைக்கும் சேர்மத்துக்கும் வேறுபாடு கேட்டு மாணவர்களை வதைப்பது என் தொழில். இந்தச் சண்டை கிரேக்கத் தத்துவத்தில் வேறு வடிவில் நடந்தது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

அரிஸ்டாட்டில் ‘ஆக்கமும் அழிவும்’ முதல் புத்தகம் பத்தாம் அத்தியாயத்தில் கேட்கிறார்: கோதுமையையும் வாற்கோதுமையையும் ஒன்றாகக் கொட்டினால் அது கலத்தலா? இல்லை, வெறும் சேர்த்துவைப்பு என்கிறார். எந்தத் துளியை எடுத்தாலும் முழுமைக்கு ஒத்ததாக இருந்தால்தான் கலத்தல். அதற்கு இரண்டும் ஓரளவு சமபலத்தில் இருக்க வேண்டும். ஒரு துளி மது பத்தாயிரம் ‘கூஸ்’ தண்ணீரோடு கலப்பதில்லை, தண்ணீராகவே மாறிவிடுகிறது என்கிறார். ஒரு கூஸ் ஏறக்குறைய 3.3 லிட்டர், ஆக 33,000 லிட்டர் தண்ணீரில் ஒரு துளி.

ஸ்டோயிக் தத்துவக்காரரான கிரிசிப்பஸ் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒரு துளி மது கடல் முழுவதோடும் கலந்து பரவுவதை எதுவும் தடுக்காது என்றார். அந்தப் பள்ளி கலத்தலை வகைபிரித்தது. தானியக் குவியல் போல அருகருகே கிடப்பது ஒன்று. திடப்பொருள்கள் ஊடுருவிப் பரவினால் ‘மிக்சிஸ்’; காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருப்பது உதாரணம். நீர்மங்கள் அப்படிப் பரவினால் ‘கிராசிஸ்’, மதுவும் தண்ணீரும். இரண்டும் தம் இயல்பை இழந்து புதுப்பொருளாகிவிட்டால் அது வேறு, ‘சிங்கூசிஸ்’. கூட்டு மருந்துகள் அந்த வகை. கிராசிஸில் இயல்பு அழிவதில்லை என்பதற்கு அவர்கள் சொன்ன ஆதாரம்: எண்ணெய் தோய்த்த கடற்பஞ்சை மது கலந்த தண்ணீரில் விட்டால் தண்ணீர் தனியே பிரிந்து வருமாம். ஆய்வகத்தில் இதை நம்பி யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

மருந்துப்பெட்டி:
கிராசிஸ் என்ற சொல் தமிழ்நாட்டில் இன்றும் தினமும் புழங்குகிறது, வேறு உடையில். யுனானி வைத்தியரிடம் போனால் ‘மிஜாஜ்’ பார்க்கிறார்களே, அது இதுதான்.

பழைய கிரேக்க மருத்துவர் கேலன் உடலின் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி நான்கும் எந்த அளவில் இணங்கியிருக்கின்றன என்பதைக் கிராசிஸ் என்றார். அந்தப் பெயரிலேயே நூல் எழுதினார். அவருக்கு வெகுகாலம் முன்பே அல்க்மேயோன் என்ற கிரேக்கச் சிந்தனையாளர் ஆரோக்கியத்துக்குச் சொன்ன இலக்கணம், பண்புகளின் சீரான கிராசிஸ் என்பதுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கேலனை அரபுக்குக் கொண்டுசென்றபோது கிராசிஸுக்குக் கிடைத்த சொல் ‘மிஜாஜ்’. கலத்தல் என்ற பொருளுள்ள அரபு வேரிலிருந்து வந்தது. சமநிலை ஒன்று, பிறழ்வு எட்டு, ஆக ஒன்பது மிஜாஜ் என்று இன்றும் கற்பிக்கிறார்கள். கேலனின் கணக்கு அப்படியே நிற்கிறது. ‘யுனானி’ என்பதே ‘கிரேக்க’ என்று பொருள்படுவது. நம் ‘யவனர்’ வந்த அதே இடத்துப் பெயர்.

அரும்பு:
யவனர் என்றதும் கேட்கிறேன். புறநானூற்றில் யவனர் மது வருகிறதே, அதைக் கலந்துதான் குடித்தார்களா?

பழையபேனா:
56ஆம் பாட்டு. நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துவது. ‘யவனர், நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, மகிழ்ந்திரு என்கிறார். விளாவுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அரிக்கமேட்டில் கிரேக்கத் தீவான கோஸின் வகையைச் சேர்ந்த மதுச்சாடித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன, ஆக மது வந்தது உறுதி. பழக்கமும் கூடவே கப்பலேறியது என்று முடிவுகட்ட அந்தப் பாட்டு இடம்கொடுக்கவில்லை.

நங்கூரம்:
கப்பல் வேலையில் பிரேயஸ் துறைமுகத்தில் அடிக்கடி இறங்குகிறவன். படிப்பாளிகளின் இழையில் ஒரு கடைத்தெருச் செய்தி. இன்றைய கிரேக்கத்தில் மதுவுக்குக் ‘கிராசி’ என்றுதான் சொல்கிறார்கள். பழைய சொல்லான ‘ஓய்னோஸ்’ போத்தல் மேல் அச்சிட்டிருக்கும். வாயில் வருவது கிராசி. உங்கள் கிராசிஸ்தானே? ஆனால் இப்போது யாரும் தண்ணீர் கலப்பதில்லை. கலவை என்ற பெயரில் கலக்காத மதுவைக் குடிக்கிறார்கள்.

இன்னொன்று, ‘கெர்னாவோ’. நான் வாங்கித் தருகிறேன், என் கணக்கு என்று பொருள். காபிக்கும் சொல்வார்கள், ஐஸ்கிரீமுக்கும் சொல்வார்கள். கடைக்காரர் சாப்பாடு முடிந்ததும் ஒரு தட்டுப் பழம் இலவசமாகக் கொண்டுவந்து வைத்தால் அது ‘கேராஸ்மா’.

தென்கரை:
இந்தக் கெர்னாவோ வந்தது கிர்கேயின் பணிப்பெண் செய்த அதே ‘எகிர்னா’வின் வழியில்தான். மதுவும் தண்ணீரும் கழன்று விழுந்துவிட்டன. இன்னொருவருக்குக் கொடுப்பது மட்டும் நின்றிருக்கிறது. வைகறைக்கு ஒரு கேள்வி: பரிமாறுவது என்ற பொருள் கெரன்னூமிக்குள் இல்லையென்றால் ஐஸ்கிரீமுக்கு இந்த வினை எப்படிப் போயிருக்கும்? வெளிப்படுத்தின விசேஷத்தில் நான் சொன்னதற்கு இதையும் சாட்சியாக வைக்கிறேன்.

வைகறை:
பிற்கால வழக்கை வைத்து முற்காலப் பொருளை நிறுவ முடியாது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் சாட்சி சுவையாக இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

முற்காலத்துக்குப் போவதென்றால் வடமொழிக்குப் போக வேண்டும். கெரன்னூமிக்கு இனமான வினை ரிக்வேதத்தில் இருக்கிறது, ‘ஶ்ரீணாதி’. சோமத்தைப் பாலோடு கலப்பதற்கு. வினை பிறந்ததிலிருந்தே பானத்தோடுதான் வாழ்ந்திருக்கிறது போலும். மிக்னூமிக்கு இனம் ‘மிஶ்ர’. மிஸ்ர சாபு தாளத்தில் மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழாகிறதே, அந்த மிஸ்ரம்.

ஏட்டுமாணவன்:
நான் கேட்டது ஒரு வசனம்; கிடைத்தது ஒரு பாத்திரம் நிறைய. இலக்கணத்தில் ஒரு ஐயம் மீதி. ‘கிராசிஸ்’ என்று என் இலக்கண நூலில் ஒரு தலைப்பு இருக்கிறது. ‘கை’, ‘எகோ’ இரண்டும் சேர்ந்து ‘காகோ’ ஆவது. அதுவும் இதே சொல்தானா? அப்புறம், ‘கெகெரஸ்மெனூ’ என்ற வடிவம் என் அட்டவணையில் இல்லை. ‘கெக்ராமெனூ’ என்று இருக்கிறது.

தென்கரை:
அதே சொல்தான். ஒரு சொல்லின் ஈற்றுயிரும் அடுத்ததன் முதலுயிரும் இணங்கி ஒன்றாவதால் கிராசிஸ். நம் இலக்கணக்காரர்கள் இதைப் புணர்ச்சி என்றார்கள். அவர்களுக்குக் கிரேக்கம் தெரிந்திருந்தால் மிக்சிஸ் பக்கம் போயிருப்பார்கள்.

உங்கள் அட்டவணை அத்தென்ஸ் வழக்கைச் சொல்கிறது, அங்கே ‘கெக்ராமை’. ‘கெகெரஸ்மை’ பிற்கால வடிவம். ‘எகெரஸா’ என்ற இறந்தகால வடிவத்தின் சாயலில் உருவானது. இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வைகறை:
இழையை மூடுவதற்கு முன் தென்கரைக்கு ஒரு கடைசி முள். பிளேட்டோவின் ‘திமேயோஸ்’, உலகைப் படைத்தவன் ஆன்மாக்களைச் செய்யும் இடம். பிரபஞ்சத்தின் ஆன்மாவை எந்தக் கிராத்தேரில் ‘கெரன்னூஸ் எமிஸ்கென்’ செய்தானோ, அதற்கே மீண்டும் திரும்பினான் என்று வருகிறது. இரண்டு வினையும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. உங்கள் ஒருவழிப் பாதையில் இது எந்தப் பக்கம் போகிறது?

தென்கரை:
அடுத்த சொற்களையும் சேர்த்துப் படியுங்கள். முன்பு மீந்ததை அந்தக் கிராத்தேரில் ஊற்றி, ஏறக்குறைய அதே முறையில் மனிதருக்கான ஆன்மாக்களைக் கலக்கிறான். ஆனால் முன்போலத் தூய்மையாக இல்லை, இரண்டாம் மூன்றாம் தரம். அங்கே இருப்பது ‘மிஸ்கோன்’ மட்டும். கெரன்னூமி காணாமல் போய்விட்டது. பிரபஞ்சத்துக்கு விளாவிக் கலந்தவன், நமக்கு வந்தபோது வெறுமனே கலந்துவிட்டான்.

வைகறை:
சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டாம் என்று ஒரு சொல்லை விட்டிருக்கலாம். பிளேட்டோ அப்படியும் எழுதுகிறவர்தான்.

பழையபேனா:
விட்டிருக்கலாம். ஆனால் ‘விளாவிக் கலந்தவன்’ என்பதை நான் எடுத்துக்கொள்கிறேன். திமேயோஸைத் தமிழாக்க யாராவது துணிந்தால் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.